டர்னர் நோட்டும் எட்டு நாளும்

அக்டோபர் 25, 2025, சனி: லண்டன், மில்பேங்க்

பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் தூறல். குடை விரித்தவர்கள் இரண்டு பேர்தான், இருவருமே சுற்றுலாப் பயணிகள். தேம்ஸ் ஓரக் காற்று குடையை நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த மழைச்சட்டை ஒன்று இருந்தால் இந்த ஊரில் பாதிக் கவலை தீர்ந்தது.

பிரிட்டிஷ் கலையை எங்கே தொடங்கிப் பார்ப்பது என்று கேட்கும் புது மாணவர்களுக்கு டேட் பிரிட்டன் கலைக்கூடத்தைத்தான் சொல்வேன். அனுமதி இலவசம், காலை 10 முதல் மாலை 6 வரை. உள்ளே நுழையும் முன் பக்கவாட்டில் ஆட்டர்பரி தெருச் சுவரைப் பாருங்கள். கல்லில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். இரண்டாம் உலகப் போரின் குண்டுச் சிதறல்கள் பட்ட இடம். பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் இந்த இடத்தில் மில்பேங்க் சிறை இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற வேண்டிய கைதிகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். சிறையை இடித்த மனையில் 1897ல் கலைக்கூடம் எழுந்தது. பணம் கொடுத்தவர் சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட். கட்டிச் சர்க்கரையில் சம்பாதித்தவர்.

அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த 1833ல் அவர் சிறுவன், ஆகவே அவர் யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை. ஆனால் அவர் கைக்கு வந்த சர்க்கரைத் தொழில் எதன் மேல் கட்டப்பட்டது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. விடுதலையானவர்கள் விட்டுப்போன தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கும் கரீபியனுக்கும் கப்பலேறியவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழர்களும் உண்டு. அதை நினைவில் வைத்துக்கொண்டு படியேறலாம்.

உள்ளே ஒரு பழக்கம் உதவும். படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விவர அட்டையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். அந்தக் கடைசி வரியில்தான் படம் எப்படி வந்தது என்று இருக்கும்: யார் கொடுத்தது, எந்த ஆண்டு, வாங்கியதா, உயில் வழி வந்ததா. கூடவே ஒரு எண். அது 'என்' என்ற எழுத்தில் தொடங்கினால் நேஷனல் கேலரியின் பழைய கணக்கில் ஏறிய படம். 1955 வரை டேட் அதன் கிளையாகத்தான் இருந்தது. 'டி' என்றால் டேட்டின் சொந்தக் கணக்கு. இந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பிரிட்டிஷ் கலையைப் பார்ப்பது, பத்திரம் பார்க்காமல் வீடு பார்ப்பது போல.

'ஹாம்லெட்' நாடகத்தில் ஆற்றில் மூழ்கும் பெண்ணை ஓவியர் மில்லே வரைந்த 'ஒஃபீலியா' முன்னால் எப்போதும் கூட்டம். 1851–52ல் வரைந்தது. முதலில் ஆற்றங்கரையை சரே பகுதியின் ஹாக்ஸ்மில் ஆற்றோரம் உட்கார்ந்து மாதக்கணக்கில் வரைந்தார். பெண் உருவத்தைப் பிறகு லண்டனில், குளியல் தொட்டி நீரில் எலிசபெத் சிடாலைப் படுக்க வைத்து வரைந்தார். தொட்டிக்கு அடியில் எரிந்த விளக்குகள் அணைந்துபோனதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கடும் சளி, மருத்துவச் செலவு கேட்டு அப்பா சண்டைக்கு வந்தார். கடைசி வரி: 'சர் ஹென்றி டேட் வழங்கியது, 1894'. சர்க்கரை.

கூட்டம் இல்லாத இடத்தில் ஹோகார்த்தின் 1748ம் ஆண்டுப் படம், பிரான்ஸின் காலே நகர வாசல். ஆங்கிலேயர் விடுதிக்குப் போகும் பெரிய மாட்டிறைச்சித் துண்டைச் சுமப்பவர் நடுவில். சுற்றிலும் தண்ணீராய் ஓடும் சூப்போடு எலும்பும் தோலுமாய்ப் பிரெஞ்சுக்காரர்கள். காலேயில் கோட்டை வாசலை ஹோகார்த் குறிப்பேட்டில் வரைந்தபோது உளவாளி என்று பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடுப்பில் வரைந்தது. இடது ஓரத்தில் அவரே வரைந்துகொண்டிருக்கிறார், தோளில் ஒரு கை விழப் போகிறது. 'நாங்கள் யார்' என்பதை 'நாங்கள் என்ன சாப்பிடுகிறோம்' என்று சொல்லும் வழக்கம் இங்கே அவ்வளவு பழையது.

கிறிஸ் ஒஃபிலியின் 'நோ வுமன், நோ க்ரை' (1998) வேறு வகை. சுவரில் மாட்டாமல், வார்னிஷ் பூசிய இரண்டு யானை லத்தி உருண்டைகள் மேல் நிறுத்திச் சாய்த்திருப்பார்கள். 1993ல் பேருந்து நிறுத்தத்தில் இனவெறியர்கள் குத்திக் கொன்ற கறுப்பின மாணவர் ஸ்டீபன் லாரன்ஸுக்கான படம். அழும் பெண்ணின் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்குள்ளும் அந்தப் பையனின் முகம் ஒட்டியிருக்கிறது. எட்டி நின்றால் தெரியாது, இரண்டடி தூரத்துக்குப் போகவேண்டும். பை முதுகில் இருந்தால் காவலர் முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்வார். கோபப்பட வேண்டாம். திரும்பும்போது படத்தில் இடிப்பது எப்போதும் முதுகுப் பைதான்.

ஓவியர் டர்னருக்குத் தனிக் கட்டிடமே உண்டு, 1987ல் திறந்த க்ளோர் கேலரி. அங்கே இருக்கும் இளவயதுத் தன்னுருவப் படம்தான் இருபது பவுண்டு நோட்டில் அச்சாகியிருப்பது. ஊரில் மாற்றிக்கொண்டு வந்த நோட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தால் முகம் அதேதான். கீழே சிற்றுண்டிக் கடையில் தேநீருக்கு அதை நீட்டினால் அட்டை மட்டும்தான் வாங்குவார்களாம். டர்னர் வீட்டிலேயே டர்னர் செல்லவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு: டிரஃபால்கர் சதுக்கம்

அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 1 ஆக்குகிறார்கள். கைப்பேசி தானாக மாறிவிடும், விடுதிச் சுவர்க் கடிகாரம் மாறாது. அதை நம்பி 10 மணிக்கு நேஷனல் கேலரி வாசலுக்குப் போனால் மணி 9. புறாக்களோடு ஒரு மணி நேரம், 9 டிகிரி குளிரில். அதைவிட முக்கியமானது சாயங்காலம்: நேற்று வரை ஆறு மணியை ஒட்டி மறைந்த சூரியன் இன்றிலிருந்து ஐந்துக்கு முன்பே போய்விடும். வெளியே இருக்கும் சிலை, சுவரோவியம் எல்லாவற்றையும் பிற்பகல் 3க்குள் முடித்துக்கொள்ளும்படி திட்டம் போடவேண்டும்.

வாசலில் பைச் சோதனை. 2022ல் வான்கோவின் சூரியகாந்தி மேல் சூப் வீசியதும், பிறகும் அப்படி நடந்ததும் சேர்ந்து, 2024 அக்டோபரில் உள்ளே திரவங்களுக்குத் தடை வந்தது. குழந்தைப் பாலுக்கும் மருத்துவர் எழுதிய மருந்துக்கும் விலக்கு. ஒரு பாட்டி வரிசையில் நின்றபடியே ஃபிளாஸ்க் தேநீர் முழுவதையும் நிதானமாகக் குடித்து முடித்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவர்கூட முனகவில்லை. பொறுமை இங்கே வரிசையில் மட்டும் கிடைக்கும் சரக்கு.

1824ல் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கிய 38 படங்கள்தான் இந்தக் கூடத்தின் விதை. அவை காப்பீட்டுத் தரகர் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டீன் சேர்த்தவை. அரச குடும்பத்தின் சேகரிப்பு பொதுச் சொத்தாகித் தொடங்கியதல்ல.

கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி' (1821) பிஸ்கட் டப்பா வரை அச்சான படம். வண்டி ஏன் ஆற்றுக்குள் நிற்கிறது என்று பலர் கேட்பதில்லை. வெயிலில் மரச் சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டா கழலும், தண்ணீரில் நிறுத்தினால் மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு விளக்கம் உண்டு. மாட்டு வண்டி பார்த்த நம் கண்ணுக்கு அது உடனே புரிகிறது. இன்று 'அசல் இங்கிலாந்து' என்று கொண்டாடும் இந்தப் படம் லண்டன் காட்சியில் விலைபோகவில்லை. 1824ல் பாரிஸில்தான் தங்கப் பதக்கம் கிடைத்தது.

டர்னரின் 'டெமரேர்' (1839) நோட்டில் டர்னர் முகத்துக்குப் பின்னால் இருக்கும் கப்பல். டிரஃபால்கரில் சண்டையிட்ட பாய்மரக் கப்பலை ஒரு கரி நீராவிப் படகு உடைக்கும் துறைக்கு இழுத்துப் போகிறது. வெளியே தூணில் அந்தச் சண்டையின் தளபதி நெல்சன், உள்ளே அவர் படையின் கப்பல் காயலான் கடைக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு சதுக்கம்தான்.

பின்புறம் தேசிய உருவப்பட அரங்கம். வாசலில் டிரேசி எமின் செய்த வெண்கலக் கதவுகளில் 45 பெண் முகங்கள், யாருடையவை என்று குறிப்பிடாமல். 1969 வரை, அரசர் அரசி தவிர உயிரோடு இருப்பவர் படத்தை இங்கே சேர்க்கக்கூடாது என்று விதி. இப்போது நிலைமை தலைகீழ். பள்ளி அரையாண்டு விடுமுறை வாரம் தொடங்குவதால் குழந்தைகள் தரையில் பரவிக் கிடந்து வரைகிறார்கள். அவர்களைத் தாண்டிப் போக வேண்டுமானால் 'சாரி' சொல்வது நீங்கள்தான்.

மதியம் ஒரு பப்பில் ஞாயிறு ரோஸ்ட், அதாவது சுட்ட இறைச்சிச் சாப்பாடு, 22 பவுண்டு. மூன்று மணிக்கு மேல் போனால் தீர்ந்துவிடும். சைவம் சாப்பிடுவோர் கொட்டைகள் வைத்துச் சுட்ட ரோஸ்ட் கேட்கலாம். ஆனால் மேலே ஊற்றும் கிரேவியும், உருளைக்கிழங்கை வறுத்த கொழுப்பும் தனியாக விசாரிக்க வேண்டியவை. யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. கொதிக்கும் கொழுப்பில் மாவை ஊற்றி அடுப்பில் உப்ப வைப்பது. பெயரைப் பார்த்துக் கடைசியில் சாப்பிட ஒதுக்கி வைத்தால் ஆறிய தோல்தான் மிச்சம்.

அக்டோபர் 27, திங்கள்: பிரிஸ்டல்

லண்டனுக்கு வெளியே பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஆகவே திங்களைச் சுவர்களுக்கு ஒதுக்குவது நல்லது.

முகம் காட்டாமல் தெருச் சுவர்களில் வரையும் பேங்க்ஸி இந்த ஊர்க்காரர். மூன்று சுவர்கள் போதும். ஸ்டோக்ஸ் கிராஃப்டில் 1999ல் வரைந்த 'மைல்ட் மைல்ட் வெஸ்ட்': கலவரப் போலீஸ் மூவர் மேல் பெட்ரோல் குண்டு வீசத் தயாராகும் கரடிப் பொம்மை. ஃபிராக்மோர் தெருவில் 2006: ஜன்னல் விளிம்பில் தொங்கும் கள்ளக் காதலன். அதைத் தெருவிலிருந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டாம், மேலே பார்க் தெருப் பாலத்திலிருந்து நேராகத் தெரியும். நீலத் திட்டுகள் 2009ல் யாரோ சாயத் துப்பாக்கியால் சுட்டவை. மூன்றாவது ஆல்பியன் துறையருகே 2014ம் ஆண்டுப் 'காதணிப் பெண்'. டச்சு ஓவியத்தின் முத்துக்குப் பதில், சுவரில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் அலாரப் பெட்டி காதணி. வரைந்த மறுநாளே கறுப்புச் சாயம் வீசிவிட்டார்கள், 2020ல் யாரோ முகக்கவசம் மாட்டினார்கள்.

இந்தப் படங்களுக்கு விவர அட்டை கிடையாது. கடைசி வரியும் கிடையாது. யார் வாங்கியது என்ற கேள்விக்குப் பதில் சுவரின் சொந்தக்காரர்.

அதிகாரபூர்வமான சிலைகளில் ஒன்று காலேஜ் கிரீன் புல்வெளியில் நிற்கும் ராஜா ராம்மோகன் ராய். 1833ல் இந்த ஊரில்தான் இறந்தார். ஆர்னோஸ் வேல் மயானத்தில் சமாதி. தலைப்பாகையும் சால்வையுமாக மழையில் நிற்கிறார், கடந்து போகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேருந்தில் இறங்கும்போது ஓட்டுநரிடம் 'சியர்ஸ் டிரைவ்' என்கிறார்கள், பள்ளிச் சிறுவன் முதல் கிழவர் வரை. லண்டனில் நடுக் கதவு வழியே இறங்கிப் பழகியவர் இங்கே பேசாமல் இறங்கினால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அந்த 'எதுவும் சொல்லாதது'தான் கண்டிப்பு. தேநீரும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியும் 6 பவுண்டு. ஜாம் முதலிலா கிரீம் முதலிலா என்று கேட்டுவிடாதீர்கள். கார்ன்வால்காரர் ஜாமை முதலில் தடவுவார், டெவன்காரர் கிரீமை. பக்கத்து மேசையில் இரண்டு மாவட்டமும் உட்கார்ந்திருக்கலாம்.

அக்டோபர் 28, செவ்வாய்: பிரிஸ்டல், எம் ஷெட்

துறைமுகக் கிடங்கில் இயங்கும் எம் ஷெட் அருங்காட்சியகம் இலவசம். இங்கே எட்வர்ட் கோல்ஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் இருந்த ஆண்டுகளில் சுமார் 84,000 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள், அவர்களில் ஏறத்தாழ 19,000 பேர் வழியிலேயே இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஊருக்குப் பள்ளியும் தருமமும் செய்தவர் என்று 1895ல், அவர் இறந்து 174 ஆண்டு கழித்து, சிலை வைத்தார்கள். பட்டயத்தில் இன்னும் நேர்மையான வாசகம் வைக்கலாம் என்ற பேச்சு பல ஆண்டு இழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை நடந்து, கடைசியில் எதுவும் நடக்கவில்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, உருட்டிப் போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. இதற்காக வழக்கைச் சந்தித்த நால்வரும் 2022 ஜனவரியில் விடுதலை.

சிலையைக் கெடாமல் பேணும் அருங்காட்சியக வல்லுநர்களுக்கு ஒரு தலைவலி. வழக்கமாகச் சிலையைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை, இங்கே அழுக்குதான் காப்பாற்ற வேண்டிய பொருள். கூட்டம் பூசிய சிவப்பு நீலச் சாயம் உதிராமல், துறைமுகச் சேற்றை மட்டும் மெல்லக் கழுவி எடுக்கவேண்டும். அப்படிக் கழுவும்போது கோட்டு வாலுக்குள் சுருட்டி வைத்த 1895ம் ஆண்டு வார இதழ் ஒன்று கிடைத்தது. சிலையைப் பொருத்திய தொழிலாளர்கள் தங்கள் பெயரை அதில் எழுதி வைத்திருந்தார்கள். கோல்ஸ்டனுக்கு அட்டை எழுதத்தான் ஊரே அடித்துக்கொண்டது. அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

படுக்க வைத்திருப்பது நல்ல முடிவு. நின்றிருந்தால் அண்ணாந்து பார்ப்போம், கிடப்பதால் குனிந்து பார்க்கிறோம். ஒரு அப்பா தன் சிறு மகளிடம், 'இவர் ஏன் விழுந்தார்?' என்ற கேள்விக்கு முழங்காலிட்டு ஐந்து நிமிடம் பதில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

நடந்து பத்து நிமிடத்தில் ஜார்ஜியன் ஹவுஸ், நெவிஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஜான் பின்னியின் வீடு. அவரோடு அடிமையாக வந்த பீரோ ஜோன்ஸ் பெயரில்தான் துறைமுகத்தில் 1999ல் கட்டிய, இரண்டு கொம்பு வைத்த நடைபாலம் இருக்கிறது. பாலத்தின் கம்பிகளில் காதலர்கள் பூட்டு மாட்டுகிறார்கள். அடிமையின் பெயர் கொண்ட பாலத்தில் பூட்டு. யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்: ரயிலில்

பிரிஸ்டலிலிருந்து லீட்ஸ் வழியாக பிராட்ஃபோர்டு. நேரப்படி ஐந்து மணி நேரத்துக்குள். ஆனது எட்டு. பர்மிங்ஹாமில் வண்டியை ரத்து செய்தார்கள். அதற்கு முன்பே இலையுதிர்காலத் தாமதம். 'தண்டவாளத்தில் இலை' என்று அறிவித்தால் சிரிக்காதீர்கள். நனைந்த இலையைச் சக்கரம் அரைத்து அரைத்து வழவழப்பான கறுப்புப் படலமாகத் தண்டவாளத்தில் ஒட்ட வைத்துவிடும். பிரேக் பிடித்தால் வழுக்கும், கிளம்பும்போது சக்கரம் சும்மா சுழலும். ஓட்டுநர்கள் வெகு முன்பே வேகத்தைக் குறைக்கிறார்கள்.

இழப்பீடு கேட்கலாம். ஒற்றைப் பயணச் சீட்டில் போய்ச்சேர 30 நிமிடம் தாண்டினால் பாதிக் காசு, 60 தாண்டினால் முழுக் காசு. விண்ணப்பிக்க 28 நாள். சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெளிவாசல் இயந்திரம் காகிதச் சீட்டை விழுங்கிவிட்டால் ஆதாரம் போச்சு. நடைமேடையில் ஒரு பெண்மணி தன் சாண்ட்விச்சில் பாதியை நீட்டி, வேண்டாம் என்றதும் மறுபடி கேட்காமல் வைத்துக்கொண்டார். நம்மூர்போல மூன்று தடவை உபசரிக்க மாட்டார்கள். பசித்தால் முதல் தடவையே 'சரி' சொல்லவேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்: பிராட்ஃபோர்டு, சால்டேர்

வெயில். எட்டு நாளில் இது ஒன்றுதான்.

டைட்டஸ் சால்ட், அல்பகா கம்பளியில் பணம் பார்த்தவர், 1853ல் தன் ஐம்பதாவது பிறந்தநாளில் ஆலையைத் திறந்தார். சுற்றி ஆலைத் தொழிலாளருக்கு ஊர் கட்டினார். தெருக்களுக்குப் பிள்ளைகள் பெயர். மதுக்கடைக்கு இடமில்லை. 1986ல் ஆலை நின்றது, மறு ஆண்டு ஜோனதன் சில்வர் வாங்கிக் கலைக்கூடமாக்கினார். பிராட்ஃபோர்டில் 1937ல் பிறந்த டேவிட் ஹாக்னியின் படங்கள் இலவசமாக. கம்பளி நூற்ற மாடியில் லில்லிப் பூ வாசனை.

ஹாக்னி 1989ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 'டென்னிஸ்' என்ற படத்தை 144 தாள்களாக இங்கே தொலைநகலில் அனுப்பினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு தாளாக வந்து விழ விழச் சுவரில் ஒட்டினார்கள். அதில் அசல் எது, நகல் எது? கலிஃபோர்னியாவில் இருப்பது உதிரித் தாள்கள், முழுப் படம் என்று ஒன்று முதன்முதலில் இருந்தது இந்தச் சுவரில்தான். வரைகலை படிக்கும் மாணவர்கள் இதற்காகவே வரலாம். ஐபேடில் அவர் வரையத் தொடங்கியது புதுமை மோகம் அல்ல என்பது இங்கே விளங்கிவிடும்.

சால்டேரிலிருந்து திரும்பும் வழியில் ஃப்ரிசிங்ஹாலில் இறங்கி நடந்தால் லிஸ்டர் பூங்காவில் கார்ட்ரைட் ஹால். பெயர், விசைத்தறிக்கு 1785ல் காப்புரிமை வாங்கிய எட்மண்ட் கார்ட்ரைட்டுடையது. கைத்தறி ஊர்களிலிருந்து வருகிறவர் வாசலில் ஒரு நிமிடம் நின்றுதான் போவார். கட்டப் பணம் கொடுத்தவர் பட்டு ஆலை முதலாளி சாமுவேல் லிஸ்டர். 1890 டிசம்பரில் அவர் ஆலையில் கூலியைக் குறைத்ததும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அது தோற்றது. 1893ல் சுயேச்சைத் தொழிற்கட்சி இதே ஊரில் பிறந்தது. அட்டையின் கடைசி வரியில் இதெல்லாம் வராது.

2025ல் பிராட்ஃபோர்டு நாட்டின் பண்பாட்டு நகரம், ஆகவே இன்றைய கலைக்கான டர்னர் பரிசின் அந்த ஆண்டுக் காட்சி இங்கே. நுழைவு இலவசம். நான்கு பேர். பாக்தாத்தில் பிறந்த முகமது சாமியின் பெரிய ஓவியங்களில் போர் நடந்துவிட்டுப் போயிருக்கிறது, ஆள் ஒருவர்கூட இல்லை. ரெனே மாட்டிச்சின் கொடியில் ஒரு பக்கம் 'இடமில்லை', மறுபக்கம் 'வன்முறைக்கு'. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் அர்த்தமே வேறு. இங்கிலாந்தின் கம்பங்களிலெல்லாம் தேசியக் கொடி கட்டும் சண்டை நடந்த அந்த ஆண்டில் அதைச் சுற்றி நடந்து பார்க்க வைப்பது கெட்டிக்காரத்தனம். ஸேடி ஷாவின் அறையில் நூற்றுக்கணக்கான பித்தளை மணிகள் கோத்துத் தொங்குகின்றன. பாதசரச் சத்தம் வரும் என்று காத்திருந்தால் வராது.

நினைவில் நிற்பது ன்னேனா காலு. நாடாக்கள், துணி, பழைய வீடியோ கேசட்டின் ஒளிநாடா என்று சுற்றிச் சுற்றிக் கட்டிய கூடுகள் தலைக்கு மேல் தொங்குகின்றன. பந்தல்காரர் வாழைத்தாரைக் கட்டும் கை பார்த்திருக்கிறீர்களா? அந்த இழுவிசை. காலு ஆட்டிசம் உள்ள, அதிகம் பேசாத கலைஞர், ஆகவே அறையில் அவர் மேற்கோள் எதுவும் இல்லை. விளக்கம் இல்லாமல் பார்க்க வேண்டியிருப்பது பெரிய நிம்மதி. பிறகு, டிசம்பர் 9 அன்று, 25,000 பவுண்டு பரிசு அவருக்கே போனது.

சாப்பாடு. ஆலைகளின் இரவு ஷிஃப்டுக்காக 1950, 60களில் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர் பக்கமிருந்து வந்தவர்களின் கறிக்கடைகள். ஒரு கறி வாங்கினால் மூன்று சப்பாத்தி சேர்ந்தே வரும், 9.50 பவுண்டு. முள்கரண்டி கேட்டால் மட்டும். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டது, நம்மைவிட நேர்த்தியாக. பரிமாறியவர் எல்லோரையும் 'லவ்' என்று கூப்பிட்டார். அதில் ஒன்றும் இல்லை, யார்க்‌ஷயரில் அது 'தம்பி', 'கண்ணு' மாதிரி. ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கத்து மீன் கடைகளில் உருளைச் சிப்ஸைப் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். வெறும் சிப்ஸ்தானே என்று வாங்கும் சைவர்கள் முதலில் எண்ணெய் என்ன என்று கேளுங்கள்.

அக்டோபர் 31, வெள்ளி: கிளாஸ்கோ

இருட்டி மழையோடு வந்து சேர்ந்தாயிற்று. இன்று ஹாலோவீன். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் கதவைத் தட்டி மிட்டாய் மட்டும் வாங்கிப் போகமுடியாது. பாட்டோ துணுக்கோ ஒன்று செய்து காட்டினால்தான். விடுதி வாசலில் ஒரு எலும்புக்கூடு, வயது ஏழு இருக்கும், கோழி ஏன் சாலையைக் கடந்தது என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டியது.

நவம்பர் 1, சனி: கிளாஸ்கோ

இங்கே முதலில் கற்கவேண்டியது ஒரு சொல்: 'ஸ்காட்டிஷ்'. நம் பேச்சில் வெள்ளைக்காரர் எல்லோரும் 'இங்கிலீஷ்காரர்'தான். கிளாஸ்கோவில் அப்படிச் சொன்னால் காபி கலக்குகிற கை நிற்கும்.

ராயல் எக்ஸ்சேஞ்ச் சதுக்கத்தில் குதிரை மேல் வெலிங்டன் பிரபு, 1844ல் வைத்த சிலை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டவர். தலையில் சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு. எடுத்தால் அடுத்த ராத்திரி வேறு கூம்பு. 2013ல் பீடத்தை உயர்த்தி ஏறமுடியாமல் செய்ய மாநகராட்சி திட்டம் போட்டது, ஊர் கொதித்ததும் கைவிட்டது. 2023ல் பேங்க்ஸி தன் காட்சியை இந்தச் சிலைக்குப் பின்னால் இருக்கும் கலைக்கூடத்தில் வைத்ததற்கே கூம்புதான் காரணமாம். அந்தக் கூடம் 1778ல் புகையிலை வியாபாரி வில்லியம் கன்னிங்ஹாம் கட்டிய மாளிகை. லண்டனில் சர்க்கரை, பிராட்ஃபோர்டில் கம்பளி, இங்கே புகையிலை. பிரிஸ்டல் தன் சிலையைத் தண்ணீரில் தள்ளியது, கிளாஸ்கோ தொப்பி போட்டுவிட்டது. எது கடுமையான தண்டனை என்று முடிவு செய்யமுடியவில்லை.

கெல்வின்குரோவ் கூடத்தில் மதியம் 1 மணிக்கு ஆர்கன் கச்சேரி, ஞாயிறு மட்டும் 3 மணிக்கு. கூடத்தின் நடுவே உட்காராமல் எதிர்ப்பக்க மாடியில் நின்றால் ஒலி நன்றாக வரும். கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டவை உட்பட ஏழு பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர 2022ல் ஒப்பந்தம் இங்கேதான் கையெழுத்தானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 2024ல் கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் வெண்கலத்தைத் திருப்பித் தரச் சம்மதித்தது. 1957ல் எடுத்த புகைப்படம் ஒன்று இல்லையென்றால் அதற்கு வழியே இல்லை. ஊர்க் கோயில் சிலைகளைப் படமெடுத்துத் தேதி போட்டு வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது, கடைசி வரி படிக்கப் பழகியவருக்குத்தான் தெரியும்.

சிக்கன் டிக்கா மசாலா இந்த ஊரில் பிறந்தது என்று கிளாஸ்கோ சொந்தம் கொண்டாடுகிறது. 2001ல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அதை உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்றார். ஹோகார்த் கேட்டிருந்தால் இன்னொரு படம் வரைந்திருப்பார்.

மழை பக்கவாட்டில் அடித்தது. ஒதுங்கிய சின்னக் கடையில் பருப்பு சூப்பும் ரொட்டியும் 5 பவுண்டு. சைவமா என்று கேட்டதும் கடைக்காரம்மா, 'இல்லை, பன்றி எலும்பு ரசத்தில் வைத்தது, தக்காளி சூப் எடுத்துக்கோ' என்றார். அட்டை இயந்திரம் பழுது, காசுதான் வேண்டுமாம். எட்டு நாளாகச் சுற்றிய டர்னர் கடைசியில் செலவானார். மிச்சம் ஸ்காட்லாந்து நோட்டுகள்: பத்தில் விஞ்ஞானி மேரி சோமர்வில், ஐந்தில் எழுத்தாளர் நேன் ஷெப்பர்ட். இங்கே மூன்று வங்கிகள் தனித்தனியாக நோட்டு அடிக்கின்றன. இங்கிலாந்துக் கடைக்காரர் வாங்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, பல பேர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். எல்லை தாண்டும் முன் செலவழித்துவிடுவதே புத்தி. ஐந்து பவுண்டு நோட்டு நிலையத்தில் தேநீரானது. பத்தின் பின்பக்கத்தில் இரண்டு நீர்நாய்கள் விளையாடுகின்றன, அதை மாற்ற மனம் வரவில்லை.